எட்டுக் கிளிக் மேலே

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு என் மேல் யாரும் கோபப்பட இடமிருக்காது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், லிந்துலைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் டீமேக்கராக இருக்கும் ஒருவர் ஹற்றனில் என் வீடு தேடி வந்தார். நான் போட்டுக் கொடுத்த தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு மெதுவாகத் தள்ளி வைத்தார். (டீமேக்கருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தது என் துணிச்சல்.) தன் வீட்டுக் கதை ஒன்றை எழுதித் தரவேண்டும் என்றார். இப்படிக் கேட்டு வருகிறவர்களை எனக்குப் பழக்கம். முக்கால்வாசிப் பேர் தாங்கள் நல்லவர்கள் என்று நான் எழுதவேண்டும் என்பதற்காகத்தான் வருவார்கள். இவர் கேட்டது தலைகீழாக இருந்தது. தான் செய்த ஒரு பிழை கதையில் வரவேண்டுமாம். அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் என் கதைகளை விடாமல் வாசிப்பவராம். ஆகவே கதை ஞாயிற்றுக்கிழமை வரவேண்டுமாம்.

"அவளுக்குத் தெரியணுங்க. வேற யாருக்கும் தெரியக்கூடாது," என்றார்.

பத்திரிகையில் வருவது அப்படி ஆள் பார்த்துப் போகாது, வீட்டில் வாயைத் திறந்து சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்றேன். அவர் என் சுவரில் தொங்கிய நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு றிச்சர்ட் என்று பெயர் வைத்திருக்கிறேன். மனைவி ஷெரோமி. இரண்டும் அவர்கள் பெயர் இல்லை.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "பட்டிப்பொல மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஷெரோமி துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தை வைத்து —"

அடித்துவிட்டேன். மலையகக் கதை என்றால் பனியில்தான் தொடங்கவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்தமாதிரி என் பேனாவும் அங்கேயே போகிறது. இந்தக் கதையில் பனிக்கு வேலை இருக்கிறது. அந்த வேலை வரும்போது அது வரட்டும்.

(தவிர, பட்டிப்பொலவில் சுடுதளம் எதுவும் இல்லை. தேடிப் போய் அலையாதீர்கள். கதைக்கு உயரமான ஓர் இடம் வேண்டியிருந்தது. உண்மையான இடத்தைச் சொல்லக்கூடாது. அதனால் நானே அங்கே ஒன்றைக் கட்டிக்கொண்டேன். உயரம் மட்டும் உண்மை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்.)

இரண்டாவது: "ஒரு துப்பாக்கி ரவை எண்ணூறு மீட்டர் போய்ச் சேர ஒன்றரைச் செக்கனுக்குச் சற்று மேலே ஆகிறது."

இது பாடப்புத்தகம் மாதிரி இருந்தாலும் இதையே வைத்துக்கொள்கிறேன். காரணம், இந்த ஒன்றரைச் செக்கனுக்குள்தான் எல்லாம் நடந்து முடிகிறது. குழாயை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்து ரவை கீழே விழுந்துகொண்டே போகிறது. காற்று அதைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. காற்று அடர்த்தியாக இருந்தால் இழுப்பும் கூட, போய்ச் சேர நேரமும் கூட, வீழ்ச்சியும் கூட. காற்று மெலிந்திருந்தால் எல்லாமே குறைவு. எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து, அந்த அளவுக்குத் துப்பாக்கியை மேலே தூக்கவேண்டும். அதற்குக் குறிபார்க்கும் ஸ்கோப்பில் ஒரு திருகு இருக்கிறது. திருப்பினால் கிளிக், கிளிக் என்று சத்தம் போடும். எண்ணூறு மீட்டரில் ஒரு கிளிக் என்பது எட்டு சென்டிமீட்டர்.

இவ்வளவும் எனக்குப் போன மாதம் வரை தெரியாது. இனி மறக்கவும் முடியாது போல இருக்கிறது.

3

ஷெரோமி ஒரு சீருடைக்காரி. எந்தச் சீருடை என்று நான் சொல்லப்போவதில்லை; நாட்டில் சீருடைகளுக்குப் பஞ்சமில்லை. லிந்துலையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, பரீட்சை எழுதி உள்ளே போனவள். பயிற்சியில் முதல் தடவை துப்பாக்கியைத் தொட்ட அன்றே அவள் கையைப் பார்த்துவிட்டு நீண்டதூரச் சுடும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் அவள்தான். ஏழு வருடம் அந்தக் குழுவில் அவள் பெயர் பட்டியலின் மேல்பாதியில்தான் இருந்தது.

கணக்கு அவளுக்குப் பிடிக்காது. திருமணம் முடிந்த முதல் வருடமே கணக்கு வேலையை றிச்சர்ட் எடுத்துக்கொண்டார். டீமேக்கர் என்றால் கொழுந்து வாட்டுவதிலிருந்து பெட்டியில் அடைப்பது வரைக்கும் சூடும் ஈரமும் பார்த்துக்கொண்டே இருக்கிற ஆள். எண் என்றால் அவருக்கு உயிர். கொம்பியூட்டரில் ஒரு கணக்குச் செயலியை இறக்கிவைத்து, ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சின்ன அட்டையில் தூரத்தையும் கிளிக்குகளையும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பார். கீழ்நாட்டுச் சுடுதளங்களில் நான்கு வருடம் அந்த அட்டை ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. குழுவில் அவளைக் கேலி செய்வார்களாம், மற்றவர்களுக்குத் தாலி, இவளுக்கு அட்டை என்று. அவளும் சிரித்துக்கொண்டு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாள்.

பிறகு குழந்தை பிறந்தது. ஒரு வருடம் லீவு. குழந்தைக்குப் பதினான்கு மாதமாகும்போது அவள் திரும்பிப் போன முதல் போட்டிதான் இந்தக் கதையின் போட்டி. தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற முதற் சுற்று. இரண்டாவது சுற்று இரண்டு மாதம் கழித்து, அதே இடத்தில்.

4

இப்போது றிச்சர்ட்டின் மேல் எனக்கு இருக்கும் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆள் கதைக்கு ஒத்துவராதவர். பிழை விடுகிற பாத்திரம் என்றால் கொஞ்சமாவது அசட்டையாக இருக்கவேண்டும். குடிக்கலாம், மறக்கலாம், சோம்பல் படலாம். இவர் அந்த அட்டைக்காக ஒரு வாரம் பாடுபட்டவர்.

பிரச்சினை ஈரத்தில் தொடங்கியது. கொழுந்து வாட்டுகிறவர்களிடம் கேளுங்கள், ஈரக்காற்று கனமானது என்பார்கள். பனி இறங்கினால் நெஞ்சே அடைக்கிறதே, கனமில்லாமல் என்ன? றிச்சர்ட்டும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் செயலியில் ஈரப்பதத்தைக் கூட்டக் கூட்ட அடர்த்தி குறைந்தது. முதலில் செயலி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினார். பிறகு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வாசித்து, நீராவி மற்றக் காற்றைவிட இலேசானது, ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் எடை குறைந்தது என்று கண்டுபிடித்தார். பதினைந்து வருடம் நெஞ்சால் அறிந்துவைத்திருந்தது பிழை என்று தெரிந்ததில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். தொழிற்சாலையின் ஈரக்குமிழ் வெப்பமானியைப் பட்டிப்பொலவுக்கே கொண்டுபோய் மூன்று காலை அளந்துவிட்டு வந்தார். அந்தத் திருத்தத்தால் எண்ணூறு மீட்டரில் வந்த வித்தியாசம் ஒரு விரற்கடை.

அடுத்தது அழுத்தம். தொழிற்சாலை அலுவலகச் சுவரில் பித்தளை வட்டத்தில் ஒரு காற்றழுத்தமானி இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை காலத்துச் சாமான். மழை வருமா என்று பார்க்க எல்லோரும் அதன் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள். றிச்சர்ட்டும் இரண்டு தட்டுத் தட்டினார். முள் 1013-இல் நின்றது. கைப்பேசியில் வானிலையைப் பார்த்தார்; நுவரெலியாவுக்கு அதுவும் 1013 என்றது. இரண்டும் ஒத்துப்போனதில் மனம் நிறைந்து அந்த எண்ணைப் போட்டார்.

செயலியில் உயரத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. அழுத்தத்தை நேரில் அளந்து போட்டவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. றிச்சர்ட் யோசிக்காமல் விடவில்லை. மேலே போகப் போகக் காற்று மெலியும் என்பது அவருக்குத் தெரியும். மானி இங்கே இருக்கிறது, இங்கே மலை, ஆகவே மலையின் காற்றைத்தான் அது காட்டுகிறது, உயரம் ஏற்கெனவே அதற்குள் வந்துவிட்டது, இன்னொரு தடவை சேர்த்தால் இரண்டு தடவை ஆகிவிடும் என்று நினைத்தார். இதில் ஒரு ஓட்டையும் இல்லை, என்னிடம் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

கட்டத்தை வெறுமையாக விட்டார். எண்பத்துமூன்று கிளிக் என்று வந்தது. அட்டையில் எழுதினார்: 800 – 83. அதன் கீழே, வழக்கம்போல, சின்னதாக: அழுத்தம் 1013.

5

இப்போது பனிக்கு வேலை வந்துவிட்டது.

போட்டியன்று காலை எட்டு மணிக்கு இலக்குப் பலகைகள் மங்கலாகத் தெரிந்தன. பின்னால் இருந்த மண்மேடு தெரியவேயில்லை. பத்து ரவை. ஒத்திகைச் சூடு கிடையாது, முதல் ரவையிலிருந்தே புள்ளி. மற்றவர்கள் போன வருடம் இதே தளத்தில் சுட்டு எழுதிவைத்திருந்த எண்ணைப் பார்த்துத் திருகினார்கள். அங்கே முதல் போட்டி நடந்த போன வருடம் ஷெரோமி பிரசவ லீவில் இருந்தாள். பக்கத்தில் படுத்திருந்தவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கத் தோன்றவில்லை, சட்டைப் பையில் அட்டை இருந்தது.

முதல் ரவை. பலகைக்கடியிலிருந்து சிவப்புக் கொடி ஆடியது. பலகையில் படவில்லை என்று அர்த்தம். மேலே போனதா கீழே போனதா என்று கொடி சொல்லாது. வெயில் காலமென்றால் பின்மேட்டில் தூசி கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு ஈர மண்.

இரண்டாவது. கொடி. அவள் மூச்சை மாற்றினாள். மூன்றாவது. கொடி. முழங்கையை இரண்டங்குலம் உள்ளே இழுத்துக்கொண்டாள். கன்னத்தை வைக்கும் இடத்தை மாற்றினாள், விரலின் அழுத்தத்தை மாற்றினாள், தோள்பட்டையைத் தளர்த்தினாள். பத்துக்கும் கொடி. வேலிக்கு வெளியே நின்ற றிச்சர்ட் ஒவ்வொன்றையும் எண்ணினார்.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பத்து தடவை கொடி ஆடியிருக்கிறது, ஒரு தடவையாவது எண்ணை மாற்றிப் பார்த்திருக்கலாமே, வாசகர்கள் கேட்பார்கள் என்றேன்.

"மாத்த மாட்டாளுங்க. அது நான் எழுதிக் குடுத்தது," என்றார்.

இந்த வசனத்தை நான் எழுதியிருந்தால் அழகாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டு வெட்டியிருப்பேன்.

6

பயிற்சியாளர் நல்ல மனிதர். திட்டவில்லை. சிங்களத்தில், தாழ்ந்த குரலில், பிள்ளை பெற்ற பிறகு இப்படி ஆவது சகஜம், உடம்பு சொன்னபடி கேட்காது, அலுவலக வேலைக்கு மாற வேண்டுமென்றால் எழுதிக்கொடு என்றார்.

கணவனும் மனைவியும் பட்டிப்பொலவிலிருந்து தலவாக்கலைக்கு ரயிலில் வந்தார்கள். குழந்தையை வீட்டில் ஷெரோமியின் அக்காவிடம் விட்டிருந்தார்கள். அம்பேவலை தாண்டும்வரை அவள் தன் வலது கையை மடியில் வைத்து, யாரோ தந்த பொருளைப் பார்க்கிறமாதிரி புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை போயிருச்சுங்க," என்றாள்.

றிச்சர்ட்டுக்கு அப்போது எதுவும் தெரியாது. அதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"புள்ள பெத்த ஒடம்பு, ஷெரோமி. முந்தி மாதிரி இருக்குமா? பரவாயில்ல விடு."

அவள் தலையை ஆட்டினாள். பயிற்சியாளர் சொன்னபோது அவள் நம்பவில்லை. கணக்குக்காரர் சொன்னதும் நம்பிவிட்டாள். அந்த வாரமே குழுவிலிருந்து விலகும் கடிதத்தை எழுதி, தேதி போடாமல், அலுமாரியில் துணிகளுக்கடியில் வைத்தாள். அடுத்த மாதக் கடைசித் திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு.*

* இந்த ஆறாம் பகுதியைக் கதையிலிருந்து எடுக்கும்படி றிச்சர்ட் கேட்டார். அவர் எடுக்கச் சொன்னது இது ஒன்றைத்தான். பிழையான எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் விரிவாக எழுதுங்கள், ரயில் வேண்டாம் என்றார். நான் எடுக்கவில்லை. பிழை எண்ணில் நடந்திருக்கலாம், ஆனால் கதை ரயிலில்தான் நடந்தது.

7

உண்மை ஒரு பொரியல் பெக்கட்டில் வந்தது.

போட்டி முடிந்து எட்டு நாள் கழித்து, றிச்சர்ட் சவர்க்காரம் வாங்க மீராசாஹிபின் கடைக்குப் போனார். கொழும்பிலிருந்து அப்போதுதான் சாமான் வந்திருந்தது. கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த கிழங்குப் பொரியல் (சிப்ஸ்) பெக்கட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி ஊதிப்போய், இன்னும் கொஞ்சம் விட்டால் வெடிக்கும் போல இருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. மீராசாஹிப் அவற்றை எண்ணித் தொங்கவிட்டபடி, கீழே அடைக்கிற காற்று மேலே வந்தால் இப்படித்தான் திமிறும், கண்டி தாண்டும்போதே ஊத ஆரம்பித்துவிடும், போன தடவை சாமான் வந்த வேனிலேயே இரண்டு வெடித்தது என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

றிச்சர்ட் ஒரு பெக்கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். கொழும்புக் காற்று உள்ளே, மலைக்காற்று வெளியே. இரண்டும் ஒன்றாக இருந்தால் இது ஏன் ஊதவேண்டும்? அப்படியானால் தொழிற்சாலைச் சுவரில் 1013 என்பது யாருடைய எண்?

சவர்க்காரத்தை வாங்காமலே திரும்பினார். மானியைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நடுவில் ஒரு சின்னத் திருகு. அதன் வாயெல்லாம் திருப்புளி பட்ட கீறல். அதைப் பார்க்கவேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, ஏனென்றால் கடைசி ஆறு கீறல்களை அவரே போட்டவர். அந்தத் தொழிற்சாலையில் அது ஒரு வழக்கம். ஒவ்வொரு வருடமும் சனவரி முதல் வாரம், கொழும்பு வானிலை அறிக்கையில் என்ன எண் சொல்கிறார்களோ அந்த எண்ணுக்கு முள்ளைத் திருப்பிவைக்க வேண்டும். எந்தத் துரை தொடங்கியதோ தெரியாது. முள் வழிதவறிவிடும், வருடம் ஒரு தடவை சரிசெய்கிறோம் என்றுதான் டீமேக்கர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மழையைப் பார்க்க அது போதும். முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதானே கேள்வி.

வானிலை அறிக்கையில் வருகிற எண், எல்லா ஊரையும் கடல் மட்டத்துக்கு இறக்கிவைத்துச் சொல்கிற எண். கைப்பேசியும் அதையேதான் சொல்லும். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னதைத்தான் றிச்சர்ட் சாட்சி என்று எடுத்துக்கொண்டார். அந்தச் சுடுதளத்தில் உண்மையான அழுத்தம் எண்ணூற்றுப் பத்துக்கு முன்னே பின்னே. ஐந்தில் ஒரு பங்கு காற்று அங்கே இல்லை. சரியான எண்ணைப் போட்டுக் கணக்கை ஓடவிட்டார். எழுபத்தைந்து கிளிக்.

எட்டுக் கிளிக் மேலே. அறுபத்துநான்கு சென்டிமீட்டர்.* பலகையின் நடுவிலிருந்து மேல் விளிம்புக்கு ஐம்பதுதான்.

* முதற் பிரதியில் 'ஏறக்குறைய அறுபது' என்று எழுதியிருந்தேன். றிச்சர்ட் வாசித்துக்கொண்டே வந்து இந்த இடத்தில் பேனாவை எடுத்து 64 என்று திருத்தினார். தன்னைப்பற்றி நான் எழுதியிருந்த கடுமையான வார்த்தைகள் எதையும் அவர் தொடவில்லை.

அடுத்த நாள் அவர் பட்டிப்பொலவுக்கு ரயில் ஏறினார். தளத்தில் புல் வெட்டி, போட்டி நாட்களில் பலகை தூக்கிக் கொடி ஆட்டுகிற வீரய்யா என்பவர்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பின்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பலகைகளுக்கு நேர் பின்னால் மண் எல்லாம் கொத்திப்போட்டமாதிரி இருந்தது; எல்லோருடைய ரவையும் பாய்ந்த இடம். ஷெரோமி சுட்ட ஆறாம் பலகைக்கு மேலே, யாரும் சுடாத உயரத்தில், புல்லுக்கு நடுவே தனியாக ஒன்பது துளை. பத்தாவது, பலகையின் மேல் சட்டத்தில், சரியாக நடுவில், ஒரு சிலும்பலை விட்டுப் போயிருந்தது.

றிச்சர்ட் அளவுநாடாவை வைத்தார். அகலத்தில் ஒரு சாண்கூட வரவில்லை. எண்ணூறு மீட்டரிலிருந்து, பத்தையும் தவறவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரவைக்கும் மூச்சையும் முழங்கையையும் மாற்றிக்கொண்டே ஒருத்தி சுட்டது அது. குழந்தை பிறப்பதற்கு முன்னால் அவளே அப்படிச் சுட்டதில்லை. அவர் புல்லில் உட்கார்ந்து அழுதார். இதை அவரே சொன்னார்.

வீரய்யா பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தார்.

"எல்லாம் மேலதாங்க போச்சு. அன்னைக்கே பாத்தேன். கொடி ஆட்டத்தான் சொன்னாங்க, எங்க போச்சுன்னு யாரும் கேக்கல."

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ. ஷெரோமி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். றிச்சர்ட் அறைக்குள் வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயைத் திறக்கிறார். இதை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அவர் வாயைத் திறந்து, மழை வரும்போல இருக்கு என்கிறார். பாத்திரம் மறுத்தால் எழுதுகிறவன் என்ன செய்வது? பிழையைச் சொல்ல அவருக்குத் தைரியம் இருக்கிறது. அதைச் சொன்னால் ரயிலையும் சொல்லவேண்டும். பிள்ளை பெற்ற உடம்பு என்ற வார்த்தையை அவள் மனதில் உறுதியாக நட்டவர் அவர்தான். அதைப் பிடுங்க எந்த வார்த்தை இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆ. றிச்சர்ட் எதுவும் சொல்லாமல் புதிய அட்டை எழுதுகிறார்: 800 – 75. இரண்டாம் சுற்றில் அவள் பத்தையும் நடுவில் போடுகிறாள். கை திரும்பி வந்துவிட்டது என்று அவரைக் கட்டிக்கொள்கிறாள்; வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறாள்; எல்லாருக்கும் —

இது எல்லாருக்கும் பிடிக்கிற முடிவு. எனக்கும் பிடித்திருந்தது, அதனால்தான் பயம் வந்தது. அதில் அவள் தன் கணவருக்கு நன்றி சொல்கிறாள். போனதேயில்லாத கையைத் திருப்பிக் கொடுத்ததற்காக ஒருத்தி நன்றி சொல்வதை என்னால் எழுத முடியவில்லை. போதாக்குறைக்கு, கடிதம் கொடுத்துவிட்டால் இரண்டாம் சுற்று என்ற ஒன்றே அவளுக்கு இல்லை. பட்டியலிலிருந்து வெட்டிய பெயரை மறுபடி சேர்க்கமாட்டார்கள்.

இ. கடிதம் கொடுக்கப்படுகிறது. அவள் ஒரு மேசைக்கு மாறுகிறாள். வருடங்கள் —

ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை.

9

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு ஏற்பாடு மட்டும்.

நேற்றைக்கு முந்தின நாள் றிச்சர்ட் கடைசிப் பிரதியை வாசித்து முடித்தார். ரயில் இன்னும் உள்ளே இருப்பதைப் பார்த்தார். பிரதியை மடித்துத் திருப்பித் தந்தார். மீராசாஹிபின் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பத்திரிகை நான்கு பிரதிதான் வரும், ஒன்பது மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். வழக்கமாக ஒன்றை வாங்கிவருவது றிச்சர்ட். எழுதுவது என் வேலை, வாங்கிக்கொண்டுபோய் மேசையில் வைப்பது உங்கள் வேலை, அதையும் நான் செய்யமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சரிங்க என்றார். போகும்போது தேநீரை முழுதாகக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. நான்கு பிரதியும் வேறு வீடுகளுக்குப் போயிருக்கலாம். நீங்கள் யாரோ ஒருவராக இருந்தால், இதுவரை வாசித்ததற்கு நன்றி. முடிவை உங்கள் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவது உங்களுக்கு இல்லை.

பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். தொழிற்சாலையையும் கடையையும் மாற்றினேன். அந்த அட்டையில் இருந்த எண்களை மட்டும் மாற்றவில்லை. அட்டை இன்னும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கும் என்று அவர் சொன்னார். எடுத்துப் பாருங்கள். 800 – 83. அதன் கீழே, சின்ன எழுத்தில், 1013.

இந்த எண்கள் அதில் இருந்தால், இது நீங்கள். பின்மேட்டில் ஒன்பது துளையும் சட்டத்தில் ஒரு சிலும்பலும் இன்னும் அப்படியே இருக்கின்றன. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவரை மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்குத்தான் பிழை.

கடிதத்தில் இன்னும் தேதி போடவில்லை என்று கேள்விப்பட்டேன். நாளைக்குத் திங்கட்கிழமை.